மிதிவண்டிக்கும் எண் பலகை வேண்டுமா?



நம் சாலைகளில் ஓடும் மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. ஓசூரில் பதிவான வண்டி டிஎன் 70 என்றும், கிருஷ்ணகிரியில் பதிவானது டிஎன் 24 என்றும், அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து வருவது கேஏ என்றும் தன் ஊரை அறிவித்துக்கொண்டே செல்கிறது. மிதிவண்டிக்கு மட்டும் அப்படி எந்த அடையாளமும் இல்லை. ஆகவே, எதிர்த்திசையில் வந்து முதியவர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுகிற மிதிவண்டிக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது, அவருடைய வண்டிக்கும் ஓர் எண் பலகையைக் கட்டாயமாக்கினால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட இயலாது. அடிபட்டவருக்கு அடித்தது லாரியா மிதிவண்டியா என்பதால் வலி குறைந்துவிடுவதில்லை. பிறருக்குத் தீங்கிழைத்தவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே நம் மார்க்கம் கற்பிக்கும் நீதியும்கூட.

எனினும், அத்தகைய கட்டாயம் வேண்டாம் என்பதே நம் கருத்து. ஓர் அடையாளம் யாருடைய நன்மைக்காகப் பொருத்தப்படுகிறது, அதன் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று பார்த்த பிறகே அதைக் கட்டாயமாக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த அளவுகோலை வைத்து இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வில்லை கட்டிய காலம்

மிதிவண்டிக்கு அடையாளம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தியன்று. நம் குடும்பங்களில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் அவர்கள் சைக்கிள் வில்லையைப் பற்றிச் சொல்வார்கள். 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிகளுக்கும் விலங்குகளுக்கும் வரி விதிக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு வழங்கியிருந்தது. ஊராட்சிகளும் அவ்வாறே வாகன வரி வசூலித்தன. வரி செலுத்தியவருக்கு எண் பொறித்த சிறிய உலோக வில்லை ஒன்று தரப்படும்; அதை மிதிவண்டியில் பொருத்திக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாத வண்டியை நிறுத்துவதும், இரவில் விளக்கில்லாமல் வந்தவரையும் இருவராகச் சென்றவர்களையும் காவலர் பிடிப்பதும் அக்காலத்தில் வழக்கமான காட்சிகள். மிதிவண்டியில் டைனமோ விளக்கு பொருத்தும் பழக்கம் பரவியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

அந்த வில்லை இன்று எங்கே? பழைய இரும்புக் கடைகளிலும் சேகரிப்பாளர்களின் பெட்டிகளிலும்தான் அதைக் காணலாம். ஒரு மிதிவண்டிக்கு வசூலிக்கத்தக்க வரி மிகச் சிறியது; அதை வசூலிக்கவும், ஏட்டில் பதியவும், சாலையில் நின்று சோதிக்கவும் ஆகும் உழைப்போ பெரியது. ஆகவே அவ்வழக்கம் மெல்ல மறைந்தது. இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த வில்லை வரி கட்டியதற்கான அத்தாட்சி மட்டுமே. விபத்து நேர்ந்தால் ஓட்டியவரைக் கண்டுபிடிப்பதற்காக அது ஏற்பட்டதன்று. அதனால்தான் வில்லை போன பிறகு சாலைப் பாதுகாப்பு குன்றிவிட்டது என்று யாரும் வருந்தவில்லை.

இன்றைய சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவெண்ணைக் கட்டாயமாக்குவது எந்திர விசையால் ஓடும் வாகனங்களுக்கே. 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் புதிய மோட்டார் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடும் கட்டாயமாகிவிட்டது. காலால் மிதித்து ஓட்டும் வண்டி இச்சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு புதிய வகை தோன்றியிருக்கிறது. மின்சார இருசக்கர வாகனத் தொழிலில் ஓசூரும் போச்சம்பள்ளியும் நாடறிந்த பெயர்களாகிவிட்ட நிலையில், இதனை நாம் அறிந்திருப்பது அவசியம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருக்கும் மின்வண்டிகளை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. எனவே அவற்றுக்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. இச்சலுகையைப் பயன்படுத்தி வாங்கிய வண்டியின் வேகத்தைக் கடையில் கொடுத்துக் கூட்டிக்கொள்வோர் உண்டு. அவ்வாறு மாற்றப்பட்ட வண்டி சட்டப்படி மிதிவண்டியின் வரிசையில் நிற்க இயலாது. அடையாளம் வேண்டும் என்னும் வாதத்துக்கு நியாயமான இடம் இதுவே. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கிற விதியை நடைமுறைப்படுத்தினால் போதும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தகைய வண்டியை வாங்கிக் கொடுப்போர், வேகத்தைக் கூட்டுவது சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்பதையும், ஏமாற்றுதல் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிற நாடுகளின் அனுபவம்

சுவிட்சர்லாந்தில் நெடுங்காலம் ஒவ்வொரு மிதிவண்டியிலும் ஆண்டுதோறும் ஒரு வில்லை ஒட்டப்பட வேண்டும் என்ற விதி இருந்தது. அது வெறும் எண்ணாக இருக்கவில்லை. பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும் காப்பீட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பயனுள்ள ஏற்பாட்டையே அந்நாடு 2012-இல் கைவிட்டது. ஜப்பானில் 1994 முதல் மிதிவண்டியைப் பதிவு செய்வது கடமையாக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒட்டப்படும் சிறு வில்லையின் முதன்மை நோக்கம் திருட்டைத் தடுப்பதும், கிடைத்த வண்டியை உரியவரிடம் சேர்ப்பதுமாகும். பதிவு செய்தவர் அதனால் நேரடியாகப் பயன் பெறுகிறார்.

நம் நாட்டின் கொல்கத்தாவில் நடந்தது வேறு. 2013-ஆம் ஆண்டில் அந்நகரக் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. போக்குவரத்து நெரிசலே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பால்காரர், செய்தித்தாள் போடுபவர், காய்கறி சுமப்பவர், கூலிக்குச் செல்பவர் ஆகியோரே அபராதம் கட்ட நேர்ந்தது. அது எண் பலகைச் சட்டமன்று. ஆனாலும் மிதிவண்டியின் மீது புதிய கட்டுப்பாடு வரும்போது அது முதலில் யார் தலையில் இறங்குகிறது என்பதை அந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது.

நம் பகுதியில் யார் மீது விழும்?

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். ஓசூர் சிப்காட்டின் ஆலைகளில் ஷிப்ட் மாறும் வேளையில் சாலையோரம் நின்று பார்த்தால், இன்று மிதிவண்டி ஓட்டுகிறவர்கள் யார் என்பது புரியும். பெரும் ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர் பலர் நிறுவனப் பேருந்திலோ சொந்த மோட்டார் சைக்கிளிலோ செல்கின்றனர். மிதிவண்டியில் வருவோரில் பலர் சிறு பட்டறைகளிலும் ஒப்பந்தக் கூலியிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவர்கள். ஓர் அறையில் பலர் தங்கி, ஒரே பழைய மிதிவண்டியை ஷிப்டுக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டுவோரும் அவர்களில் உண்டு. அந்த வண்டியை யார் பெயரில் பதிவது? முகவரிச் சான்று எங்கிருந்து வரும்? இரண்டாம் கை வண்டியை ரசீதின்றி வாங்கியவர் எதைக் காட்டுவார்? ஒருநாள் கூலியை இழந்து அலுவலக வாசலில் நிற்பவரும், தகடு இல்லாததால் இரவில் நிறுத்தி வைக்கப்படுபவரும் இவர்களாகவே இருப்பார்கள். மொழி தெரியாத ஒருவரை நிறுத்தி விசாரிக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

அடுத்து, மாணவர்கள். தமிழ்நாடு அரசு 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனஹள்ளி போன்ற பகுதிகளின் சிற்றூர்களில் பேருந்துக்குக் காத்திராமல் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்ல எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு அது வழி செய்தது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் மக்தபுக்கு ஓதவரும் நம் சிறுவர்களும் அண்ணன்மாருக்குக் கிடைத்த அந்த வண்டியில்தான் வருகின்றனர். ஒரு கையால் வண்டியைக் கொடுத்துவிட்டு மறுகையால் அதற்குத் தகடு எங்கே என்று கேட்பது பொருத்தமாக இருக்குமா?

மூன்றாவதாக, நம் பகுதிக்கே உரிய எல்லைச் சிக்கல் ஒன்று உண்டு. அத்திப்பள்ளியில் குடியிருந்து ஜூஜூவாடியிலும் சிப்காட்டிலும் வேலை செய்வோர் உண்டு. ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திரா வரை செல்வோரும் உண்டு. மோட்டார் வாகனத்துக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவெண் பெற வேண்டும் என்னும் விதியால் நம் பகுதி மக்கள் படும் பாட்டை நாம் அறிவோம். மிதிவண்டிக்கு அத்தகைய பொதுச் சட்டமும் கிடையாது. ஓசூர் மாநகராட்சி கொடுத்த தகட்டை எல்லைக்கு அப்பாலுள்ள நகராட்சி ஏற்குமா? ஏற்காவிட்டால் காலையில் ஒரு தகடு, மாலையில் ஒரு தகடு என்றா தொழிலாளி மாற்றிக்கொள்வார்?

தகடு தீங்கைத் தடுக்குமா?

எண் இருந்தால் பயம் இருக்கும், பயம் இருந்தால் ஒழுங்கு இருக்கும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 30,486 பேர், இடித்த வாகனம் நிற்காமல் ஓடிவிட்ட விபத்துகளில் இறந்தவர்கள். எண் பலகை கட்டாயமாக உள்ள வாகனங்கள் நிறைந்த சாலைகளில்தான் இவ்வளவும் நடந்தது. இருளில், வேகத்தில், சாட்சியில்லாத நெடுஞ்சாலையில் பின்புறத் தகட்டை யார் படிப்பது? அதைவிடச் சிறியதாகவே இருக்கக்கூடிய மிதிவண்டித் தகட்டைப் படிப்பது இன்னும் கடினம்.

தீங்கின் அளவும் ஒன்றன்று. மிதிவண்டியும் அதை ஓட்டுபவரும் சேர்ந்து நூறு கிலோ இருந்தாலே அதிகம். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடும் பாரம் ஏற்றிய லாரியின் எடையோ பல பத்து டன். மிதிவண்டியால் பிறருக்குத் தீங்கே வராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் ஒரே அளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது சமத்துவம் போலத் தோன்றினாலும் நீதியாகாது. தீங்கு செய்யும் ஆற்றல் யாரிடம் மிகுதியோ அவரிடம் பொறுப்பும் மிகுதியாக இருக்க வேண்டும்.

சாலையின் உரிமையும் தவறிய பொருளின் அடையாளமும்

பாதையோரங்களில் அமர்வதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தபோது, தங்களுக்கு வேறு இடமில்லை என்று தோழர்கள் கூறினர். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த உரிமைகளுள் பிறருக்குத் துன்பம் தராமல் இருப்பதும் ஒன்று. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகவும் அவர்கள் கற்பித்தார்கள். சாலை என்பது வலியவரின் சொத்தன்று. அதில் நடப்பவருக்கும், மிதிவண்டியில் செல்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

அடையாளம் பற்றியும் நம் மார்க்கச் சட்டத்தில் வழிகாட்டல் இருக்கிறது. மதரஸாக்களில் நாம் ஃபிக்ஹுப் பாடத்தில் லுகத்தா என்னும் தலைப்பை ஓதிக்கொடுக்கிறோம். வழியில் ஒரு பொருளைக் கண்டெடுத்தவர் அதன் பையையும் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்கு அறிந்துவைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் அதை மக்களிடையே அறிவிக்க வேண்டும் என்பது நபிமொழி காட்டும் முறை. அங்கே அடையாளம் எதற்காக? உரியவர் வந்து சொன்னால் அவருடைய பொருள் அவரைச் சென்றடைவதற்காக. மறுபுறம், பிறருடைய குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுக்கிறது. ஒருவரின் பொருளைக் காக்கும் அடையாளத்தை நாம் ஊக்குவிக்க வேண்டும். குற்றம் எதுவும் செய்யாத எளியவரை நாள்தோறும் சோதனைக்கு உள்ளாக்கும் அடையாளத்தைக் கட்டாயமாக்கத் தயங்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கட்டாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாம் கைகட்டி இருந்துவிடலாகாது. தகடு கேட்பவர்களின் கவலை உண்மையானது. அதற்கு மிதிவண்டி ஓட்டும் நாமும் நம் பிள்ளைகளும் தர வேண்டிய பதில்கள் உண்டு.

முதலாவது, விளக்கு. மஃக்ரிபுக்குப் பின் சாலையில் இறங்கும் மிதிவண்டிக்கு முன்னால் ஒரு விளக்கும் பின்னால் ஒரு சிவப்பு ஒளிபிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். தகடு செய்யும் பணத்தில் இவ்விரண்டையும் வாங்கிவிடலாம். விபத்துக்குப் பின் அடையாளம் காட்டும் எண்ணைவிட, விபத்துக்கு முன்பே ஆளைக் காட்டும் ஒளி மேலானது. நம் ஜமாஅத்துகள் ரமளானிலும் மீலாது மாதத்திலும் செய்யும் உதவிகளில் இதையும் சேர்த்துக்கொண்டால், மதம் பாராமல் தெருவிலுள்ள தொழிலாளர் அனைவருக்கும் கொடுக்கலாம்.

இரண்டாவது, திசை. சர்வீஸ் சாலையில் அரைக் கிலோமீட்டர் சுற்றுவதற்குச் சோம்பி எதிர்த்திசையில் வருவது நம் பகுதியில் பழகிப்போன குற்றம். கையில் கைப்பேசியுடன் ஓட்டுவதும் அத்தகையதே. யாரும் பிடிக்கமாட்டார்கள் என்பதால் ஒரு செயல் ஆகுமானதாகிவிடாது. வண்டியில் எண் இல்லாவிட்டாலும் நம் செயல்களைப் பதிவு செய்யும் வானவர்கள் உடனிருக்கின்றனர் என்று நம்புகிற சமுதாயம் நாம். மிதிவண்டியால் ஒருவரை இடித்துவிட்டால் இறங்கி நின்று, தூக்கிவிட்டு, மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம்.

மூன்றாவது, வண்டியின் அடையாளத்தை நாமே குறித்துவைத்தல். பெரும்பாலான மிதிவண்டிகளில் பெடல் அச்சுக்கு அடியிலோ இருக்கைத் தண்டின் அருகிலோ ஒரு ஃபிரேம் நம்பர் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து, வாங்கிய ரசீதுடன் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கு அதுவே வலுச் சேர்க்கும். பள்ளிவாசல் வாயிலில் நிறுத்தப்படும் வண்டிகளின் எண்களை விரும்புவோரிடம் பெற்று ஜமாஅத் ஓர் ஏட்டில் பதிந்துவைப்பதும் எளிதே.

நான்காவது, ஓட்டுபவரின் அடையாளம். இதுவே நம் மனத்தை அதிகம் உறுத்துவது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் நெடுஞ்சாலையில் அடிபட்டு நினைவிழந்தால், அவருடைய கைப்பேசியும் நொறுங்கிப்போனால், அவர் யார் என்று சொல்ல அருகில் எவரும் இருப்பதில்லை. உயிர் பிரிந்துவிட்டால் அடையாளம் தெரியாத சடலமாகப் பிணவறையில் கிடக்க நேரிடும். எங்கோ ஒரு சிற்றூரில் அவருடைய தாய் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெயர், இரத்த வகை, உறவினர் ஒருவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பாலிதீன் உறையிலிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் அந்நிலை நேராது. வண்டி கைமாறினாலும் சட்டைப்பை மாறுவதில்லை. இந்த அடையாளத்தை எந்த அதிகாரியும் கேட்கத் தேவையில்லை. இது அவருக்காகவே இருப்பது.

இத்துடன் ஒரு செய்தியையும் அறிந்துகொள்ளுங்கள். இடித்த வாகனம் எதுவென்று தெரியாமல் போனாலும் இழப்பீடு பெற வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, மோட்டார் வாகனம் இடித்துவிட்டு ஓடிய விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் வழங்கப்பட வேண்டும். வருவாய்த் துறையின் உட்கோட்ட அளவிலான அதிகாரியிடம் இதற்கு விண்ணப்பிக்கலாம். அறியாமையால் இதை விட்டுவிடும் குடும்பங்களுக்கு நம்மில் படித்தவர்கள் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது பெரும் நன்மையாகும்.

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது

சாலை சரியில்லாததால் தொலைவில் ஒரு விலங்கு இடறி விழுந்தாலும் அதற்காகத் தாம் இறைவனிடம் கேள்வி கேட்கப்படலாம் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக அறிவிக்கப்படுகிறது. அந்தப் பொறுப்புணர்வையே நாம் ஆட்சியாளர்களிடம் எதிர்பார்க்கிறோம். தகடு அச்சிடவும் சோதிக்கவும் செலவிடும் பணத்தையும் ஆட்களையும் வேறு வழியில் பயன்படுத்தலாம். சிப்காட் சாலைகளில் தெருவிளக்குகள் எரியட்டும். ஆலை வாயில்களிலிருந்து குடியிருப்புகள் வரை மிதிவண்டிக்கென ஓர் ஓரம் ஒதுக்கப்படட்டும். அந்த ஓரத்தில் லாரிகள் நிறுத்தப்படாமல் இருக்கட்டும். நெடுஞ்சாலையைக் கடக்க நெடுந்தூரம் சுற்ற வேண்டிய நிலை மாறினால் எதிர்த்திசையில் வருவோரும் குறைவர்.

இவை நிறைவேறிய பிறகும் மிதிவண்டிகளால் பெருந்தீங்கு நேர்கிறது என்று தெரியவந்தால், அன்று எண் பலகையைப் பற்றி மீண்டும் பேசலாம். அதுவரை, இரவு பத்து மணிக்கு இருட்டில் மிதித்துக்கொண்டு வரும் அந்தத் தொழிலாளிக்கு நாம் முதலில் கொடுக்க வேண்டியது ஒரு விளக்கு.

வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.